கடல் தண்ணீர் வைத்திருந்த அக்கா

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டி படுக்கையோடு ரயில்வே குடியிருப்புக்கு நாங்கள் நடந்து போனபோது, அடுத்த வீட்டுப் பின்கட்டில் ஒரு பெண் சிரட்டை அகப்பையால் ஒரு ஜாடித் தண்ணீரை மொண்டு மொண்டு அந்த ஜாடிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். காப்பி ஆற்றுவதுபோல உயரத் தூக்கி ஊற்றினார். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற எனக்கு, புத்தி சரியில்லாதவருக்குப் பக்கத்திலா குடிவந்திருக்கிறோம் என்று தோன்றியது.

அவர் என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"பிள்ளைக்குப் பால் காய்ச்சணும்னா அடுப்பு எரியுது, உள்ள போயி காய்ச்சிக்க. இத நான் நிப்பாட்ட முடியாது. மீனுக்கு மூச்சு முட்டும்."

அப்படித்தான் அறிமுகம். அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் கணவர் ஸ்டேஷனில் தந்தி அடிக்கிற சிக்னலர். எங்கள் வீட்டுக்காரர் அங்கே கூட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்திருந்தார். சிக்னலர் அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்கக் கட்டுகட கட்டுகட என்று அடித்துவிட்டு வந்தவருக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும் என்று அக்கா சொல்வார்.

அந்த ஜாடி, தந்தி பாட்டரிக்கு வைத்திருந்த பெரிய சதுரக் கண்ணாடி ஜாடி. விளிம்பில் கீறல் விழுந்ததால் கழித்துவிட்டார்கள். அண்ணாச்சி அதைச் சாம்பல் போட்டு நாள் கணக்கில் தேய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அக்கா பிறந்தது தூத்துக்குடி. அங்கே தோணி வேலை பார்த்த அவருடைய தம்பி, ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீர் பிடித்து, வைக்கோல் சுற்றி, தெரிந்த ரயில் கார்டுகளிடம் கொடுத்துவிடுவான். அப்படித்தான் ஒருமுறை சில வரிமீன் குஞ்சுகளும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றும், கல்லோடு பெயர்த்த கடல்பூ ஒன்றும் வந்து சேர்ந்தன. கடல்பூ என்பது பூ இல்லை, உயிருள்ள பிராணி. மனது வைத்தால் செவ்வந்திபோல விரியும். விரல் பட்டால் சுருங்கி உருண்டையாகிவிடும்.

கோடையில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்கு, குடிக்க முடியாத தண்ணீர் ரயிலேறி வருவதைப் பார்த்துப் பிளாட்பாரத்தில் சிரிக்காதவர்கள் இல்லை.

"உப்புத் தண்ணிதான வேணும் அண்ணாச்சி? நம்ம குவாட்டர்ஸ் கிணத்துல ரெண்டு வாளி இறைச்சாப் போச்சு. இதுக்குப் போயி கார்டு தலைல சுமக்கணுமா?" என்பார் போர்ட்டர்.

நாங்கள் குடிவந்த சமயம் ஜாடி வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மணலை வெந்நீரில் அலசி, புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டார். ஊற்றின அன்றைக்குத் தெளிவாக இருக்கும். நாலாம் நாள் மறுபடி வெளுக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி கோமு, குடத்துத் தண்ணீர் தெளிய உரசுகிற தேத்தாங்கொட்டையோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் படிகாரம் போடச் சொன்னார். அக்கா எல்லாரையும் கேட்டுக்கொண்டார்.

"கெடக்கட்டும் விடுங்க" என்றார்.

"என்னத்தக் கெடக்கட்டும்? நாறிப் போயிரும்" என்றார் அண்ணாச்சி.

"புது வீட்டுக்கு வந்திருக்கு. நாலு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க தெனமும் வீட்டை மாத்திக்கிட்டே இருந்தா அது எப்பச் சிரிக்க?"

இரை போடுவதை நிறுத்தினார். அகப்பையால் ஆற்றுவதை மட்டும் விடவில்லை. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து ஒரு காலையில் பார்த்தால், அடிமணலில் கிடந்த பொடிக்கல் தனித்தனியாகத் தெரிந்தது. நண்டு தன் சங்கை இழுத்துக்கொண்டு எங்கேயோ அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தது.

"கெடக்கட்டும் விடு" என்பதுதான் அக்கா. பால் திரிந்தால், ரயில் பிந்தினால், அண்ணாச்சிக்கு வரவேண்டிய பிரமோஷன் இன்னொருவருக்குப் போனால், எல்லாவற்றுக்கும் அதே சொல். சோம்பலில் சொல்கிற சொல் இல்லை அது. சொல்லும்போது அவர் முகம் கவனமாக இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு எதையோ காவல் காக்கிற மாதிரி நிற்பார்.

எனக்கு அது புது உலகம். நான் ஸ்கூல் பைனல் வரை படித்தவள். பிறந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். அதில் சொல்லியிருப்பதைச் செய்தால் சரியாகச் செய்தோமா என்று பயம். செய்யாவிட்டால் அதைவிடப் பயம். பாப்பா தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு மெதுவாக வருவதாகத் தோன்றினால் உலுக்கிவிடுவேன். ஒரு மத்தியானம் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, தூங்குற பிள்ளைய எழுப்பி, உசுரோட இருக்கியான்னு கேக்கியே. அது என்ன பதில் சொல்லும்?"

"இல்லக்கா, புத்தகத்துல..."

"புத்தகத்த இங்கன தா. நீ போயித் தூங்கு. நான் மூக்குல வெரல் வச்சிக்கிட்டே இருக்கேன், போதுமா?"

அன்று நான் விளக்கு வைக்கிற வரை தூங்கினேன். பிள்ளை பெற்ற பிறகு அப்படித் தூங்கியதில்லை. எழுந்து வந்தபோது பாப்பா அவர் மடியில் கிடந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு சத்தமும் போடவில்லை.

அக்கா சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன். பாசி விஷயத்தில் அவர் தோற்றார். தந்திக் கம்பியில் உரசுகிறதென்று எங்கள் வீடுகளுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தை லைன் ஆட்கள் வெட்டிவிட்டார்கள். அதன்பிறகு ஜாடியின் கண்ணாடியில் பச்சை பூத்தது. முதலில் மினுமினுப்பாக, பிறகு வெல்வெட்டுத் துணி ஒட்டினாற்போல. தண்ணீரும் கீரை வேகவைத்த தண்ணீர்போல ஆயிற்று. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கடல்ல பாசி இல்லாமயா? கெடக்கட்டும்."

"நீ பாத்துக்கிட்டே இரு. அதுவும் உன்னப் பாத்துக்கிட்டே வளரட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஒரு மாதத்தில் மீன் இருப்பதே தெரியவில்லை. கடைசியில் அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். மரம் போனதால் மூன்று மணியிலிருந்து மேற்கு வெயில் நேரே ஜாடியில் விழுகிறது. எங்கள் வீட்டுக்காரரும் அவருமாக ஜாடியைச் சுவரோரம் நகர்த்தி, வெயில் படுகிற பக்கத்தில் சாக்குத் தொங்கவிட்டார்கள். உள்பக்கக் கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். வெயிலில் வற்றுகிற அளவுக்கு அண்ணாச்சி கடல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உப்பு ஏறிப்போயிருந்தது. தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாதே என்று நான் தயங்கிச் சொன்னதும், அதுமுதல் காய்ச்சி ஆறவைத்த மழைத் தண்ணீரை ஊற்றினார்கள். பச்சை குறைந்தது. அக்கா வெட்கப்படவில்லை.

"சரி, இது நாம கை வைக்க வேண்டியதுதான் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதில் கை வைப்பது, எதில் வைக்காமலிருப்பது என்று அவர் எப்படித் தீர்மானித்தார் என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஆடித்தபசுத் திருவிழாச் சமயத்தில் ஸ்பெஷல் ரயில்கள் விட்டு, ஸ்டேஷனில் கூட்டம் நெரியும். அந்த வருஷம் வரிமீன் ஒன்று சுரத்தில்லாமல் மூலையில் சாய்ந்து கிடந்தது. கோமு கோவிலுக்குப் போய்த் திரும்பியவள், மனிதனுக்கு வந்த சீக்கையெல்லாம் தீர்க்கிற அம்மன் புற்று மண் மீனுக்கு ஆகாமலா போகும் என்று ஒரு பிடி மண்ணை ஜாடிக்குள் கரைத்துவிட்டாள். தண்ணீர் செம்மண் குளமாகிவிட்டது. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஸ்டேஷனுக்கே போய்விட்டார். கோமு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"ஏன்ட்டி அழுத? நல்லதுக்குத்தான போட்ட? மண்ணுதான, கீழ இறங்கிரும். கெடக்கட்டும்" என்று அக்கா அவளுக்கு மோர் கொடுத்தார்.

மறுநாள் மண் அடியில் படிந்துவிட்டது. மீனும் நிமிர்ந்து நீந்தியது. கோமு அதைக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்தாள். பிழைத்தது மண்ணாலா, தானாகவா என்று நான் கேட்டதற்கு அக்கா சிரித்தார். "உனக்குக் காரணம் தெரியாட்டிச் சோறு இறங்காதே" என்றார்.

அந்த ஆடி முடிந்து ஒருநாள், பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா துண்டோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையைத் துடைக்க வாங்கி மார்போடு அணைத்தார். பாப்பா துள்ளி ஒரு உதை விட்டாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ஒரு கட்டி. நெல்லிக்கா அளவு இருக்கும். வலிக்கவெல்லாம் செய்யாது."

"இப்ப வலிச்சிச்சே."

"உன் மக உதைச்சா யாருக்குத்தான் வலிக்காது?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். ரயில்வே டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை லைனில் வருவார், ஸ்டேஷனிலேயே ஒரு அறையில் எல்லாரையும் பார்ப்பார், அவரிடம் காட்டலாமே என்றேன்.

"ஆம்பிள்ளைட்ட இதப் போயிக் காட்டவா? கரைஞ்சிரும். கெடக்கட்டும் விடு."

எனக்கு அந்தச் சொல் முதல்தடவையாகப் பிடிக்கவில்லை. திரும்பக் கேட்டேன். அன்றுதான் அவருக்கு ஒரு பிள்ளை இருந்ததைச் சொன்னார். நான் வருவதற்குச் சில வருஷம் முன்னால், தூத்துக்குடியில்.

"வயித்துப்போக்கு. எங்க அம்மா மருந்து இடிச்சுக் குடுத்தா. மாமியா வேற மருந்து குடுத்தா. மந்திரிச்சாக. வயித்துல சூடு போட்டாக. ஆளாளுக்கு ஓடி ஓடி என்னமோ செஞ்சாக. நானுந்தான் செஞ்சேன். எம் பிள்ள எங்க கைக்குள்ள கெடந்து எங்களாலயே போச்சுட்டி." பாப்பாவின் ஈரக் காலைத் துண்டால் துடைத்தார். "சும்மா விட்டிருந்தா இருந்திருக்குமோ என்னமோ. அதான்."

எதற்கு அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்பது அப்போது விளங்கியது. ஆனால் விளங்கியதால் பயம் குறையவில்லை. இது சூடு போடுகிற வைத்தியம் இல்லை, படித்த டாக்டர் என்று சொன்னேன். அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் என் கணவரிடம் சொன்னேன். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான். பெண்கள் சமாச்சாரத்தில் எப்படித் தலையிட என்று அவர் தயங்கினார். பிறகு அண்ணாச்சியிடம் சொன்னார். அந்த வீட்டில் முதல்முறையாகச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"உன்ட்டச் சொன்னது உனக்குச் சொன்னது. கூட்ஸ் ஆபீசுக்கும் தந்தி ஆபீசுக்கும் சொல்லல."

"அக்கா, நான் பயந்துதான்..."

"உனக்கு எதுலதான் பயமில்ல?"

டாக்டர் வருகிற நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமும் அப்படியே. என்னோடு பேச்சு இல்லை. பாப்பாவை மட்டும் வேலிக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொள்வார். முன்புபோல மார்போடு அணைக்கமாட்டார். இடுப்பிலும் வைக்கமாட்டார். தரையில் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொள்வார். நான் அதைப் பார்ப்பேன். பார்ப்பதை அவரும் பார்ப்பார்.

தை பிறந்தபோது அவராக வந்தார். ரவிக்கையில் ஈரம் பட்டு, அதை மறைக்க முந்தானையை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"கட்டி உடைஞ்சிட்டு. பாளையங்கோட்டைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாக. பொம்பள டாக்டராம்." தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். "ஜாடிய நீ பாத்துக்க. இரை கொஞ்சமாப் போடு. தெனம் ரெண்டு நேரம் ஆத்திவிடு."

"கலங்கினா என்னக்கா செய்யட்டும்?"

அதற்குள் வண்டிக்கு மணி அடித்துவிட்டது.

கலங்கத்தான் செய்தது. அவர் போன மறுவாரம் ஒரு காலையில் தண்ணீர் பால்போல வெளுத்து, மேலே நுரை கட்டி, கிட்டத்தில் போனால் ஒரு வாடை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதுத் தண்ணீர் முகம் தூக்கி வைத்திருக்கும், தானே தெளியும் என்று அவர் சொன்னது நினைவு வந்தது. ஆனால் இது புதுத் தண்ணீர் இல்லை. அப்போது வாடையும் இல்லை. அக்கா இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தபடி அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். பாப்பா உள்ளே அழுதாள். எடுக்கப் போனவள் மறுபடி ஜாடிக்கே வந்தேன்.

பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்தேன். கடைசிக் கல்லுக்கடியில் நண்டு சங்கைவிட்டுப் பாதி வெளியே வந்து செத்துக் கிடந்தது. சைவம் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். அதை வெறுங்கையால் எடுத்துப் போட்டேன். கையில் வாடை இரண்டு நாள் இருந்தது. மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டு, இருட்டில் மூடிவைத்திருந்த ஊறுகாய் ஜாடிகளிலிருந்து நல்ல கடல் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். இரையை நிறுத்தினேன். பாப்பாவைக் கோமுவிடம் கொடுத்துவிட்டு, கை கடுக்கக் கடுக்க ஆற்றினேன். மீன்கள் கீழே இறங்கின. இரண்டு மூன்று நாளில் தெளிந்தது. கடல்பூ மட்டும் விரிய ஒரு வாரமாயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் பார்க்க பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனோம். அண்ணாச்சி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அக்கா கிடந்தார். சிறுத்துப்போயிருந்தார். மார்பை அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் கட்டி அக்குளுக்கும் அதைத் தாண்டியும் போய்விட்டது என்று கீழேயே என் கணவரிடம் அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"கலங்கிச்சுக்கா. நண்டு செத்துப் போச்சு. நானே எடுத்துப் போட்டுட்டுக் கொஞ்சம் தண்ணிய மாத்தினேன். இப்பத் தெளிஞ்சிருக்கு."

"கலங்கி எத்தன நாள் கழிச்சு மாத்துன?"

"அன்னைக்கேக்கா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அன்னைக்கேவா" என்றார். பிறகு, பிள்ளையைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னார். பாப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது.

"சூடா இருக்கே, மக்கா. வீட்டுல இருந்து கெளம்பும்போதே இருந்திச்சா?"

"வெயில்ல வந்தோம்லக்கா. ரயிலு சூடு" என்றேன். எனக்கே அது சூடாகத் தெரியவில்லை. அவர் கைதான் சில்லென்று இருந்தது.

"நீ கண்டியா? கீழ பிள்ளைகளைப் பாக்குற டாக்டர் இருக்காக. இப்பவே கொண்டுபோயிக் காட்டு. ஊருக்குப் போயிப் பாத்துக்கிடலாம்னு இருந்திராத. போ, இப்பவே போ."

அவர் யாரையும் அப்படி விரட்டி நான் பார்த்ததில்லை. நான் போனேன். கீழே பிள்ளைகளோடு தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. டாக்டரம்மா பாப்பாவின் நெற்றியைத் தொட்டு, நாக்கைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார்.

அதை அக்காவிடம் சொல்லலாம் என்று அவசரமாக மாடிப்படி ஏறினேன். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம் என்று மட்டும் உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று அங்கிருந்த ஆயாவிடம் கேட்டுக்கொண்டேன். எந்தக் கட்டில் என்று கேட்டாள். ஜன்னலோரம் என்றேன். சரி என்றாள். அதன்பிறகு அக்காவைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. ஆயா சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.